வடங்களும் வழிகளும்: கடலடித் தந்தி வலையமைப்பிற் சிக்கனமும் நம்பகமும்

1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 5ஆம் திகதி, பிரித்தானியா ஜேர்மனி மீது போர் தொடுத்துச் சில மணி நேரமே கழிந்திருந்த வேளையில், பிரித்தானியக் கப்பலொன்று ஆங்கிலக் கால்வாயின் அடித்தளத்தைத் துழாவி ஐந்து தந்தி வடங்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்து அறுத்தது. அவற்றுள் ஒன்று பிரான்சின் பிறெஸ்ற் துறைமுகத்துக்கும், மற்றொன்று ஸ்பெயினின் வீகோவுக்கும், வேறொன்று தெனெரீப் தீவுக்கும், எஞ்சிய இரண்டும் அசோர்ஸ் தீவுகளின் ஊடாக நியூ யோர்க்குக்கும் சென்றவை. ஐந்தும் ஜேர்மனியின் எம்டன் நகரிலே தொடங்கியவை. கடல் கடந்த உலகத்தோடு ஜேர்மனி தன் சொந்த வடங்களின் மூலம் பேசிய பேச்சு அன்று காலையோடு முடிவுற்றது.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1911இல், பிரித்தானியர் இதே வினாவைத் தம் நாட்டைக் குறித்து எழுப்பியிருந்தனர். பிரித்தானியத் தீவுகளை உலகத்தினின்றும் தனிமைப்படுத்த விரும்பும் பகைவன் எத்தனை வடங்களை அறுத்தல் வேண்டும் என்று பேரரசின் பாதுகாப்புக் குழு ஆராய்ந்தது. நாற்பத்தொன்பது என்பது அதற்குக் கிடைத்த விடை. கனடாவைத் தனிமைப்படுத்துவதற்குப் பதினைந்து வடங்களை அறுத்தல் வேண்டும் எனக் கணக்கிடப்பட்டது.

ஐந்துக்கும் நாற்பத்தொன்பதுக்கும் உள்ள தூரத்தை நாடுகளின் செல்வநிலை கொண்டு விளக்கி அமைதி காண்பவர் உளர். பணமுடையவன் பல வடங்களை இட்டான். பிந்தி வந்தவன் சிலவற்றையே இட்டான் என்பது அவர் கூற்று. இது பாதி உண்மையே. ஜேர்மனியின் ஐந்து வடங்களும் ஐந்து வெவ்வேறு கடல்களின் ஊடாகச் சென்றிருப்பின் ஒரு கப்பல் ஒரு காலைப்பொழுதில் அவற்றை அறுத்திருத்தல் இயலாது. சேருமிடங்கள் வெவ்வேறாயினும் அவை யாவும் ஒரே ஒடுங்கிய கால்வாயைக் கடந்தே சென்றன. வடங்கள் ஐந்து, வழி ஒன்று. செய்தித் தொடர்பு வலையமைப்புகளின் வரலாற்றில் இவ்வேறுபாடு பலமுறை மறக்கப்பட்டுப் பலமுறை பெருஞ்செலவோடு மீளக் கற்கப்பட்டிருக்கிறது. அவ்வாறு கற்கப்பட்ட கதையை, குறிப்பாகக் கடலடித் தந்தியின் கதையை, ஈண்டு நோக்குவோம்.

கதைக்குள் நுழையுமுன் வலையமைப்பின் இலக்கணத்தைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. ஐந்து ஊர்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்த நான்கு இணைப்புகள் போதும். ஊர்களின் தொகையினும் ஒன்று குறைவு. இவ்வாறு அமையும் வலையமைப்பைக் கணித நூலோர் 'மரம்' என வழங்குவர். அமைக்கத்தக்க மரங்கள் பலவற்றுள் மிகக் குறைந்த செலவுடையது எது என்ற வினாவுக்குச் செக் நாட்டுக் கணிதவியலாளரான ஒட்டகார் பொரூவ்கா 1926இல் விடை கண்டார். மொறேவியாப் பகுதியில் மின்கம்பிகளை இடுவது தொடர்பாக எழுந்த வினா அது. 1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொபேட் பிறிம் இதற்கு மிக எளிய முறையொன்றை எழுதி வெளியிட்டார். ஏதாவதோர் ஊரில் தொடங்க வேண்டும். இதுவரை சேர்ந்த ஊர்களிலிருந்து சேராத ஊரொன்றுக்குச் செல்லும் இணைப்புகளுள் மிக மலிவானதைத் தெரிய வேண்டும். எல்லா ஊர்களும் சேரும்வரை இதனையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கணிதத்திற் பயிற்சியில்லாத கலைப்பீட மாணவரும் தாளில் வரைந்து பார்த்துவிடலாம். இது தவறாது மிகச் சிக்கனமான மரத்தையே தரும்.

ஆயின் மரத்துக்குரிய குறை இவ்வலையமைப்புக்கும் உண்டு. எந்தக் கிளை முறிந்தாலும் அதற்கப்பாலுள்ளது முழுவதும் வீழ்ந்துவிடும். ஐந்து ஊர்களும் சங்கிலிபோல் வரிசையாக இணைந்திருப்பின், அச்சங்கிலியின் இரு நுனிகளையும் பொருத்தும் ஐந்தாவது இணைப்பொன்றை இட்டுப் பாருங்கள். சங்கிலி வளையமாகிவிடும். இப்போது எந்த ஓர் இணைப்பு அறுந்தாலும் செய்தி மறுபுறமாகச் சுற்றிச் சென்று சேரும். ஒரேயோர் இணைப்பைக் கூட்டியதனால் வலையமைப்பின் இயல்பே மாறிவிடுகிறது. எனினும், வணிகக் கணக்கேட்டில் அந்த ஐந்தாவது இணைப்பு வீண்செலவாகவே தோன்றும். ஏனெனில் அதன் இரு முனைகளும் ஏற்கெனவே இணைக்கப்பட்டவை. அது சுமக்கவேண்டிய புதிய செய்தி எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தந்தி நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட வழக்கின் சாரம் இதுவே.

தொடக்க காலத்தில் இத்தகைய வழக்குக்கே இடமிருக்கவில்லை. ஒரு வடமேனும் உயிரோடிருந்தாற் போதும் என்பதே அன்றைய நிலை. மலாய் நாட்டுக் காடுகளிலிருந்து கிடைத்த குட்டாபேர்ச்சா என்னும் மரப்பால், கடல்நீரிலும் மின்னைக் கசியவிடாத உறையாகப் பயன்படும் எனக் கண்டறியப்பட்டபின், 1850இல் டோவருக்கும் பிரெஞ்சுக் கரைக்கும் இடையே முதல் வடம் இடப்பட்டது. அது உடனேயே அறுந்தது. இரும்புக் கம்பிக் கவசத்தோடு 1851இல் இடப்பட்ட இரண்டாம் வடம் நிலைத்தது. இவ்வெற்றி தந்த மயக்கத்தில் பணமும் அவசரமும் கடலுக்குள் கொட்டப்பட்டன.

1858 ஓகஸ்ட் 5ஆம் திகதி நிறைவுற்ற அத்திலாந்திக் வடத்தின் கதை பலரும் அறிந்தது. விக்ரோறியா மகாராணியாரின் 98 சொற்கள் கொண்ட செய்தியை அனுப்பி முடிக்கப் பதினாறு மணி நேரம் சென்றது. ஒரு மாதத்தளவில் வடம் மௌனித்துவிட்டது. இங்கு கவனிக்க வேண்டியது செப்பின் நிறை. நீண்ட வடத்தில் செய்தியின் வேகம் நீளத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும் என்றும், அதனை ஈடுசெய்யத் தடித்த செப்பும் தடித்த உறையும் வேண்டும் என்றும் வில்லியம் தொம்சன் 1850களின் நடுப்பகுதியிலேயே காட்டியிருந்தார். நிறுவனத்தின் மின்னியலாளர் வைற்கவுஸ் அதனை ஏற்கவில்லை. கடல்மைல் ஒன்றுக்கு 107 இறாத்தல் செப்பே அவ்வடத்தில் இடப்பட்டது. சமிக்ஞை மங்கியபோது, ஏறத்தாழ இரண்டாயிரம் வோல்ற்று அழுத்தத்தை அவர் அதன்மீது ஏற்ற, ஏற்கெனவே நலிந்திருந்த உறை முற்றாகக் கெட்டது. 1866இல் இடப்பட்டு நிலைபெற்ற வடத்தில் கடல்மைல் ஒன்றுக்கு 300 இறாத்தல் செப்பு இருந்தது.

அத்திலாந்திக்கின் தோல்வியைப் பேசும் நூல்கள் செங்கடலின் தோல்வியை ஒரு வரியிற் கடந்து செல்வது வழக்கம். எமது நோக்கில் செங்கடலே கூடுதலாகப் படிப்பிக்கிறது. 1857இல் இந்தியாவிற் சிப்பாய்களின் கிளர்ச்சி மூண்டபோது அச்செய்தி இலண்டனை அடைய ஏறத்தாழ நாற்பது நாட்கள் சென்றன. கலங்கிய அரசு, சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சிக்கு வடமிட முன்வந்த நிறுவனத்துக்கு, 8 இலட்சம் பவுண் முதலீட்டின் மீது ஆண்டுக்கு நான்கரை வீத வருவாயை ஐம்பது ஆண்டுகளுக்கு உறுதிசெய்து கொடுத்தது. வடம் வேலை செய்தாலென்ன, செய்யாவிட்டாலென்ன, பணம் உறுதி என்னும் நிலையில் 1859-60இல் அது இடப்பட்டது. கவசம் மெலிது. நீளத்தை மிச்சம் பிடிப்பதற்காக, தளர்வு விடாது இறுக்கமாக இட்டனர். கடலின் அடித்தளம் சமதளம் அன்று. வடம் மேட்டுக்கு மேடு பாலம்போல் தொங்கிற்று. சிப்பிகளும் பிற உயிர்களும் அதில் ஒட்டிப் பாரமேற்ற, தொங்கிய இடங்களில் அது அறுந்தது. சில மாதங்களில் எல்லாம் முடிந்தன. ஆண்டுக்கு 36,000 பவுண் என்னும் கடப்பாடு மட்டும் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. சிக்கனம் என்ற பெயரில் செய்யப்பட்ட செலவுகளுள் இதற்கு நிகரானது அரிது.

இவ்விரு தோல்விகளின் பின் கப்டன் டக்ளஸ் கால்ற்றன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1861இல் அறிக்கை வெளியிட்டது. அதுவரை உலகிற் கடலுக்குள் இடப்பட்ட 11,364 மைல் வடத்தில் ஏறத்தாழ 3,000 மைல் மட்டுமே வேலை செய்துகொண்டிருந்தது என்பது அக்குழு கண்ட உண்மை. வடத்தின் தரம், சோதனை முறை, இடும் முறை என்பன பற்றி அக்குழு கூறிய விதிகளே பின்வந்த வெற்றிக்கு அடித்தளமாயின. இதற்குப் பின்னரே, ஒரு வடத்தைப் பற்றிய கவலை நீங்கி, வடங்களின் அமைப்பைப் பற்றிச் சிந்திக்க இடம் உண்டாயிற்று.

மான்செஸ்ரரின் துணி வணிகரான யோன் பெண்டர் இக்காலத்தின் நாயகர். அவருடைய நிறுவனங்களுக்காக 'கிறேற் ஈஸ்ரேண்' என்னும் பெருங்கப்பல் பம்பாய், ஏடன், சூயஸ் வடத்தை இட்டது. 1870 யூன் மாதத்தில் இலண்டன் ஜிப்ரால்ரர், மோல்ற்றா, எகிப்து வழியாக இந்தியாவோடு இணைந்தது. அங்கிருந்து சென்னை, பினாங்கு, சிங்கப்பூர், யாவா, வட அவுஸ்திரேலியாவின் டார்வின் என வடம் வளர்ந்தது. 1872இல் டார்வினுக்கும் தென் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே நிலத்தந்தியும் முற்றுப்பெற்றது. அதுவரை இலண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு விரைந்து செல்லவேண்டிய செய்தி, இந்தியத் தந்தி வழியாக இலங்கையின் காலித் துறைமுகம் வரை வந்து, அங்கிருந்து தபாற் கப்பலில் ஏறிச் சென்றது. வடம் டார்வினைத் தொட்டதும் காலியின் அப்பணி முடிந்தது. ஒரு வலையமைப்பு மாறும்போது நடுவிலிருந்த இடம் ஓரத்துக்குத் தள்ளப்படுவதற்கு நம் நாட்டிலேயே கிடைக்கும் சான்று இது.

பெண்டரின் வலையமைப்பு வரைபடத்தில் மரமாகவே இருந்தது. வேர் இலண்டனில், அடிமரம் செங்கடலில், கிளைகள் கீழைத்தேயத்தில். பழுது ஏற்படுமென்பதை அவர் அறியாதவரல்லர். திருத்தக் கப்பல்களை வைத்திருந்தார். முக்கியமான பகுதிகளில் ஒரு வடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வடத்தை இட்டார். இதுவே வணிகருக்கு இயல்பான பரிகாரம். அதே நிலையம், அதே ஊழியர், அதே வரைபடம். செலவு குறைவு. ஆயின், இணையாகச் செல்லும் இரட்டை வடம் ஒரு நங்கூரத்துக்கு எதிரான காப்பேயன்றி நிலநடுக்கத்துக்கு எதிரான காப்பன்று. யாவாவின் கிழக்குக் கரையிலுள்ள பன்யுவாங்கியிலிருந்து டார்வினுக்குச் சென்ற இரு வடங்களும் 1888இல் ஒரே காலத்தில் அறுந்தன. ஒரு கண்டம் முழுவதும் உலகத்தின் செய்தியறியாது இருந்தது. எரிமலைகள் நிறைந்த அக்கடற்பகுதியில் இரு வடங்களையும் அருகருகே இட்டமையின் பயன் அது. அடுத்த ஆண்டே நிறுவனம் மூன்றாவது வடத்தை டார்வினுக்கு அனுப்பாது, வடமேற்கு அவுஸ்திரேலியாவின் புறூம் என்னுமிடத்துக்கு வேறு வழியாக அனுப்பியது. எனினும் அதன் மறுமுனை யாவாவின் அதே கரைதான்.

அவுஸ்திரேலியக் குடியேற்றங்கள் இந்நிலையில் திருப்தியுறவில்லை. கட்டணமும் அவற்றுக்குப் பெருங்குறையாக இருந்தது. 1891க்கு முன்னர் அவுஸ்திரேலியாவிலிருந்து இலண்டனுக்கு ஒரு சொல்லை அனுப்ப 9 சிலிங் 4 பென்ஸ் ஆயிற்று. இக்காலத்தில் கனடாவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. கனடிய பசிபிக் புகையிரதப் பாதையின் தலைமைப் பொறியியலாளராக விளங்கிய சான்போட் பிளெமிங், பசிபிக் சமுத்திரத்தைக் குறுக்கறுத்துக் கனடாவையும் அவுஸ்திரேலியாவையும் இணைக்க வேண்டும் என ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சலியாது வாதிட்டார். இலண்டனுக்கும் கனடாவுக்கும் இடையே வடங்கள் பல இருந்தன. இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே பெண்டரின் மரம் இருந்தது. எஞ்சியது இரு நுனிகளையும் பொருத்தும் ஓர் இணைப்பே. முன்னர்க் கூறிய ஐந்தாவது இணைப்பை வாசகர் இங்கு நினைவுகூர்தல் வேண்டும்.

பெண்டரின் தரப்பு இதனைக் கடுமையாக எதிர்த்தது. அத்தடத்தில் வணிகம் இல்லை. கனடாவும் அவுஸ்திரேலியாவும் தமக்குள் பேசிக்கொள்வதற்கு என்ன உண்டு என்பது அவர்களது கேள்வி. வருமானக் கணக்கில் அவர்கள் கூறியது சரியே. இதனாலேயே தனியார் எவரும் முன்வரவில்லை. இறுதியில் அரசுகளே அதனை இட்டன. செலவைப் பதினெட்டுப் பங்காக்கி, பிரித்தானியாவும் கனடாவும் ஐந்து ஐந்து பங்குகளையும், நியூ சவுத் வேல்ஸ், விக்ரோறியா, குயீன்ஸ்லாந்து, நியூசிலாந்து ஆகிய நான்கும் இரண்டு இரண்டு பங்குகளையும் ஏற்றன. 1902 ஒக்ரோபர் 31ஆம் திகதி வளையம் பூட்டப்பட்டது.

பிரித்தானியக் கொடியின் கீழுள்ள நிலத்தை மட்டுமே வடம் தொடவேண்டும் என்ற நிபந்தனை இதன் செலவைப் பெரிதும் கூட்டிற்று. நடுவே தங்கிச் செல்ல ஹவாய்த் தீவுகள் இயல்பான இடம். ஆயின் அவை பிரித்தானியாவுக்குரியவை அல்ல. 1894இல் அத்தீவுக்கூட்டத்தின் ஓரத்திலுள்ள நெக்கர் என்னும் கற்பாறைத் தீவையேனும் பெறலாமென எண்ணியவரை முந்திக்கொண்டு ஹவாய் அரசு கப்பலனுப்பித் தன் கொடியை நாட்டிற்று. ஆகவே வன்கூவர் தீவின் பாம்பீல்டிலிருந்து பனிங் தீவு வரை 3,458 கடல்மைல் நீளத்தை ஒரே பாய்ச்சலிற் கடக்க நேர்ந்தது. தொம்சனின் விதி இங்கு தன் வரியை அறவிட்டது. அப்பகுதியில் கடல்மைல் ஒன்றுக்கு 600 இறாத்தல் செப்பு இடவேண்டியதாயிற்று. நம்பகம் என்பதற்குப் பேரரசு கொடுத்த பொருள், பிறர் கைக்கு எட்டாமை. அப்பொருளுக்கேற்பவே விலையும் அமைந்தது.

தொடக்க ஆண்டுகளில் பசிபிக் வடம் நட்டத்திலேயே நடந்தது. பங்காளி அரசுகள் அதனைத் தம் விகிதப்படி நிரப்பின. கட்டணமோ சொல்லொன்றுக்கு 3 சிலிங்காக இறங்கியது. போட்டியைக் கண்ட பழைய நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. தென்னாபிரிக்காவின் டர்பனிலிருந்து மொறீசியஸ், ரொட்றிக்ஸ், கொக்கோஸ் தீவுகள் வழியாக அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு அது தானே புதிய வடத்தை இட்டது. செங்கடலையும் யாவாவையும் தொடாத வழி அது. ஆக, 1888இல் ஒரே கரையை நம்பியிருந்த கண்டம் 1902இன் இறுதியில் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலுள்ள மூன்று வழிகளைக் கொண்டிருந்தது.

இவ்வமைப்பைப் போர் சோதித்தது. 1914 செப்ரெம்பர் 7ஆம் திகதி ஜேர்மனியின் 'நியூரென்பேர்க்' என்னும் போர்க்கப்பல் பனிங் தீவை அடைந்து, நிலையத்தைச் சிதைத்து, வடத்தை அறுத்தது. பசிபிக் வழி நின்றது. அவுஸ்திரேலியாவின் செய்திகள் மற்றைய வழிகளிற் சென்றன. நவெம்பர் 9ஆம் திகதி 'எம்டன்' கொக்கோஸ் தீவுக்கு வந்தது. செப்ரெம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்து, தமிழ்ப் பேச்சுவழக்கிலே 'எம்டன்' என்ற சொல்லுக்கே தனிப்பொருள் தந்துவிட்ட கப்பல் அது. வடங்கள் தொடங்கிய ஜேர்மன் நகரின் பெயரைத் தாங்கிய கப்பல், எதிரியின் வடத்தை அறுக்க வந்தமை வரலாற்றின் ஒரு குறும்பு. லெப்ரினன்ற் வொன் மூக்கேயின் தலைமையிற் கரையிறங்கிய குழுவினர் கம்பியில்லாத் தந்திக் கோபுரத்தைச் சாய்த்துக் கருவிகளை உடைத்தனர். பேர்த் நகருக்குச் செல்லும் வடத்தையும் வெட்டினர். ஆயின் அதற்குள், இனந்தெரியாத கப்பலொன்று வாயிலில் நிற்கிறது என்ற செய்தியை நிலையத்தார் வானிற் பரப்பிவிட்டனர். கொழும்பை நோக்கிச் சென்ற படைக்கப்பல் அணிக்குத் துணைவந்த 'சிட்னி' என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் அருகிலேயே இருந்தது. அன்றே எம்டனின் கதை முடிந்தது. அதன் மாலுமிகளுட் பலர் கைதிகளாகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். நிலையத்தாரோ முன்கூட்டியே மறைத்து வைத்திருந்த மேலதிகக் கருவிகளைத் தோண்டியெடுத்துத் தம் பணியை விரைவில் மீளத் தொடங்கினர்.

மறுபுறத்தில் ஜேர்மனியின் நிலையைப் பாருங்கள். தன் வடங்களை இழந்த அந்நாடு நௌவன் வானொலி நிலையத்தையும் நடுநிலை நாடுகளின் வடங்களையும் நம்பவேண்டியதாயிற்று. 1917 யனவரியில் வெளிநாட்டமைச்சர் சிம்மர்மான் மெக்சிக்கோவை அமெரிக்காவுக்கெதிராகத் தூண்டி அனுப்பிய இரகசியச் செய்தி, அமெரிக்கர் நல்லெண்ணத்தோடு இடங்கொடுத்த வழியிலே சென்றது. அவ்வழி இலண்டனைத் தொட்டுச் சென்றமையாற் பிரித்தானியக் கடற்படையின் குறியீட்டாளர் அதனைப் படித்தனர். அமெரிக்கா ஏப்ரல் மாதத்திற் போரில் இறங்கியது. அமெரிக்கா போரில் இறங்கியமைக்கு நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதல் முதலிய காரணங்களும் உண்டு. ஆயினும், 1914இல் அறுந்த ஐந்து வடங்களின் விலையில் இதனையும் ஒரு பகுதியாகச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஏகாதிபத்தியத்தின் இந்த வளையத்தைப் புகழ்வது எம் நோக்கமன்று. அது யாருக்காக இடப்பட்டது என்பதில் ஐயமில்லை. சொல்லொன்றுக்குச் சில சிலிங் என்னும் கட்டணத்திற் பேசியவர்கள் ஆளுநரும் படைத்தலைவரும் தேயிலை, கம்பளி வணிகருமே. குட்டாபேர்ச்சாவுக்காக மலாய்க் காடுகளின் மரங்கள் பெருந்தொகையாக வெட்டி வீழ்த்தப்பட்டதையும் மறத்தல் ஆகாது. எனினும், வருமானம் தராத இணைப்பொன்றுக்குப் பொதுப்பணத்தை ஒதுக்கலாமா என்ற வினாவை முதலில் தெளிவாக எதிர்நோக்கியவர் அவர்களே என்பதனால், அவர்களுடைய கணக்கேடுகள் இன்றும் படிக்கத்தக்கன.

அவ்வினா போரோடு முடிந்துவிடவில்லை. 1926இல் பசிபிக் வடத்துக்குத் துணையாகப் புதிய வடமொன்று பாம்பீல்டிலிருந்து பீஜித் தீவுவரை இடப்பட்டது. அதே ஆண்டின் ஒக்ரோபரில் மார்க்கோனியின் சிற்றலைக் கற்றை வானொலி கனடாவுக்கும், 1927 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவுக்கும், செப்ரெம்பரில் இந்தியாவுக்கும் சேவை தொடங்கியது. கடலில் எதனையும் இடவேண்டியதில்லை; இரு முனைகளிலும் கோபுரங்கள் போதும். அதன் கட்டணத்தோடு வடம் போட்டியிட முடியவில்லை. செய்திகள் வானத்துக்கு மாறின. வட நிறுவனங்களின் வருவாய் சரிந்தது. சந்தையை அதன் போக்கில் விட்டிருப்பின் சில ஆண்டுகளில் வடங்கள் கைவிடப்பட்டிருக்கும். ஆயின் சிற்றலை வானின் மனநிலைக்கேற்ப மங்கும். எவரும் அதனைச் செவிமடுக்கலாம். 1928இற் கூடிய பேரரசு மாநாடு இரண்டையும் ஒரே நிறுவனத்திற் பிணைத்து, வானொலியின் இலாபத்தால் வடத்தைத் தாங்குவது என முடிவு செய்தது. 1929இல் அமைந்த அந்நிறுவனமே 1934இல் 'கேபிள் அன்ட் வயர்லெஸ்' எனப் பெயர் மாறியது. மலிவான வழியை ஏற்றுக்கொண்டு, விலையுயர்ந்த வழியைக் காப்புறுதியாகப் பேணிய இத்தீர்வு மிக நுண்ணியது என்பது எமது கருத்து. மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் கணக்காய்வாளர் எவரும் இதனை விரும்பியிருக்க மாட்டார்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இப்பொருள் கணிதத்தின் கைக்குச் சென்றது. அணுக்குண்டுத் தாக்குதலின் பின்னரும் இயங்கக்கூடிய தொடர்பமைப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும் என அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஆராய்ந்த போல் பாரன், 1964இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மையத்தை நம்பும் விண்மீன் வடிவை விடுத்து, வலைக்கண்கள் போன்று ஒவ்வொரு நிலையமும் அயலிலுள்ள பலவற்றோடு இணையவேண்டும் என்றார். மிகக் குறைந்த இணைப்புத் தொகையைப்போல் மூன்று அல்லது நான்கு மடங்கு இருப்பின், மலிவான இணைப்புகளைக் கொண்டே உறுதியான வலையமைப்பை ஆக்கலாம் என்பது அவர் கண்டது. ஒவ்வோர் இணைப்பும் நூறு வீதம் நம்பகமாயிருத்தல் வேண்டும் என்ற கால்ற்றன் குழுவின் காலத்துச் சிந்தனையிலிருந்து இது வெகுதூரம். 1969இல் நான்கு நிலையங்களோடு தொடங்கிய 'ஆர்ப்பா' வலையமைப்பு வளர்ந்தபோது, எந்த இரு நிலையங்களுக்கும் இடையே குறைந்தது இரு தனி வழிகள் இருத்தல் வேண்டும் என்னும் விதியோடு, செலவைக் குறைக்கும் வடிவங்கள் கணனியின் துணைகொண்டு தேடப்பட்டன.

அந்த 'ஆர்ப்பா' வலையமைப்பிலேயே, 1986 டிசெம்பர் 12ஆம் திகதி, நியூ இங்கிலாந்துப் பகுதி முழுவதும் துண்டிக்கப்பட்டது. அப்பகுதியை ஏனைய அமெரிக்காவோடு இணைத்தவை ஏழு தனித்தனித் தொடர்புகள். வரைபடத்தில் ஏழு கோடுகள். தொலைபேசி நிறுவனமோ அவ்வேழையும் நியூவார்க்குக்கும் வைற் பிளேன்சுக்கும் இடையே ஒரே ஒளியிழை வடத்துக்குள் அடக்கியிருந்தது. அந்த ஒரு வடம் அறுந்தது. வலையமைப்பை வரைந்தவருக்குத் தரை தெரியவில்லை. தரையில் இட்டவருக்கு வரைபடம் தெரியவில்லை. ஆங்கிலக் கால்வாயில் ஜேர்மனிக்கு நேர்ந்ததும், யாவாக் கரையில் அவுஸ்திரேலியாவுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆங்குப் பகைவனும் எரிமலையும் செய்ததை ஈங்கு நிறுவனமொன்றின் சிக்கனம் செய்தது.

இன்று உலகத்தின் கண்டங்களுக்கிடையிலான செய்திகளிற் பெரும்பகுதி மீண்டும் கடலின் அடியிலேயே செல்கிறது. செப்பின் இடத்தை ஒளியிழை கொண்டுள்ளது. வழிகளோ பெரிதும் பெண்டரின் வழிகள்தாம். ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் வடங்கள் இன்றும் எகிப்தையும் செங்கடலையும் நெருக்கியடித்துக் கடக்கின்றன. 2006 டிசெம்பர் 26ஆம் திகதி தாய்வானுக்குத் தெற்கே நிகழ்ந்த நிலநடுக்கத்தில், லூசோன் நீரிணையில் அருகருகே கிடந்த பல வடங்கள் ஒருமிக்க அறுந்தன. 2004 ஓகஸ்ட்டில் கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியபோது, இலங்கையின் வெளிநாட்டுத் தொடர்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பது வெளிப்பட்டது.

பசிபிக்கின் தொங்கா நாடு மரத்தின் கடைசி இலை போன்றது. ஒரு இலட்சமளவு மக்கள் வாழும் அந்நாட்டை வெளியுலகோடு இணைத்தது பீஜித் தீவிலிருந்து வரும் ஒரேயொரு வடம். முன்னர்ப் பசிபிக் வடம் தொட்டுச் சென்ற அதே பீஜி. இரண்டாவது வடமொன்றுக்கு வேண்டிய செலவு அச்சிறு நாட்டின் வருவாய்க்கு மிகையானது. 2022 யனவரி 15ஆம் திகதி கடலடி எரிமலை வெடித்தபோது அவ்வடம் அறுந்தது, நாடு மௌனமாயிற்று. வெளிநாடுகளிலிருந்த உறவினர் தம்மவர் உயிரோடிருக்கின்றனரா என அறியாது தவித்தனர். திருத்தக் கப்பல் பப்புவா நியூகினியிலிருந்து வரவேண்டியிருந்தது. ஐந்து வாரங்களின் பின் வடம் மீண்டது. ஆயினும், தலைநகரிலிருந்து வடக்கேயுள்ள தீவுகளுக்குச் சென்ற உள்நாட்டு வடத்தைச் சீராக்க ஓராண்டுக்கும் மேல் சென்றது.